'டீர்' எப்படி மானாகச் சுருங்கியது

கேள்வி இதுதான்: ஜெர்மனில் 'டீர்' என்றால் விலங்கு, யானையும் டீர்தான், பூனையும் டீர்தான். ஆங்கிலத்தில் 'டீர்' என்றால் மான் மட்டும். இரண்டும் ஒரே சொல்லா, தற்செயலாக அமைந்த ஒற்றுமையா? ஒரே சொல் என்றால் மற்ற விலங்குகள் எல்லாம் எங்கே போயின? பன்மையில் இந்தச் சொல்லுக்கு ஏன் 'எஸ்' சேர்வதில்லை?

ஒரே சொல்தான். பழைய பொருளை ஜெர்மன் அப்படியே வைத்துக்கொண்டது, மாறியது ஆங்கிலம். டச்சில் 'டீர்', சுவீடிஷில் 'யூர்', ஐஸ்லாந்தில் 'தீர்' என்று ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் மற்ற மொழிகளிலும் அது இன்றும் பொதுவாக விலங்கையே குறிக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் மிருகக்காட்சிசாலைக்கு வழி கேட்டால் 'டீரன்டவுன்' என்பார்கள், விலங்குத் தோட்டம். மானுக்கென்று ஒதுங்கிப்போனது ஆங்கிலச் சொல் ஒன்றுதான்.

முதலில் உறவை உறுதிசெய்துகொள்வோம். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரண்டு சொற்களை உறவாக்கிவிட முடியாது. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'டீர்' என்றே எழுதுகிறோம், ஆனால் ஒலி வேறு. ஜெர்மன் சொல் 'டீக்கடை'யில் வரும் டகரத்தோடு தொடங்கும். ஆங்கிலச் சொல் 'டெல்லி'யில் வரும் டகரத்தோடு தொடங்கும். இந்த வேறுபாடுதான் சான்றே. ஆங்கிலத்தில் டெல்லி டகரம் வரும் இடத்தில் ஜெர்மனில் டீக்கடை டகரம் வருவது ஒழுங்கான மாற்றம்: நாளைக் குறிக்கும் ஆங்கில 'டே'க்கு ஜெர்மனில் 'டாக்', கதவுக்கு 'டோர்' என்றால் அங்கே 'டியூர்', குடிப்பதற்கு 'டிரிங்க்' என்றால் 'டிரிங்கன்'. எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி விலகுவதால்தான் உறவு என்கிறோம். இரண்டும் ஒரே ஒலியில் தொடங்கியிருந்தால் அப்போதுதான் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது கடைசியில் நிற்கும் ரகரம். அது ஆதியில் ரகரமே அல்ல. இந்தக் குடும்பத்தில் நீண்ட நூல் வடிவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மொழி கோதிக். நான்காம் நூற்றாண்டின் பைபிள் மொழிபெயர்ப்பு அதில் இருக்கிறது. அதில் இந்தச் சொல் 'டியுஸ்', முடிவில் ஸகரம். அந்த ஸகரம் மெலிந்து, மேற்கிலும் வடக்கிலும் இருந்த மொழிகளில் ரகரமாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'வாஸ்' என்ற இறந்தகால வினை பன்மையில் 'வேர்' ஆவதும் இதே மாற்றத்தின் எச்சம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கிரேக்கத்தில் காட்டுவிலங்குக்கு 'தேர்' என்று ஒரு சொல் உண்டு. பொருள் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது. கிரேக்கத் தகரத்துக்கு ஆங்கிலத்தில் டகரம் வரும் என்ற விதிகூடப் பொருந்துகிறது. கதவுக்குக் கிரேக்கத்தில் 'தூரா', மகளுக்குத் 'துகாதேர்'. அப்படியும் உறவில்லை. கிரேக்கச் சொல்லின் ரகரம் பிறவியிலேயே ரகரம், ஆங்கிலத்தினுடையது ஸகரத்திலிருந்து வந்தது. கிரேக்கச் சொல்லின் உண்மையான உறவுகள் லிதுவேனிய 'ஜ்வேரிஸ்', ரஷ்ய 'ஸ்வேர்'. அவற்றின் முதல் ஒலியைப் பார்த்தாலே அது வேறு வேர் என்று தெரிந்துவிடும். 'டீர்' பெரும்பாலும் மூச்சு விடுவதைக் குறிக்கும் ஒரு வேரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. லத்தீன் 'அனிமல்' பிறந்ததும் மூச்சைக் குறிக்கும் 'அனிமா'விலிருந்து. தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சு விடுதல்தான் என்பதால் இந்த எண்ணப் போக்கு நமக்குப் புதிதல்ல.

இனி பொருள். ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'டேஒர்'. காட்டில் திரியும் நாலுகால் விலங்கு என்பதே அதன் நடுப்பொருள். வீட்டில் கட்டி வளர்க்கும் மாட்டுக்கு 'நீட்டென்' என்று தனிச்சொல் இருந்தது. ஆண்மானுக்கு 'ஹெஒரொட்', பெண்மானுக்கு 'ஹிண்ட்'. இவைதான் பிறகு 'ஹார்ட்', 'ஹைண்ட்' ஆயின. தமிழில் ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை என்று இருப்பது போல. ஆக அன்றைய ஆங்கிலேயருக்கு மானைச் சொல்ல 'டேஒர்' தேவைப்படவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஆல்ஃபிரிக் என்ற துறவி, மாணவர்கள் லத்தீன் பழகுவதற்காக ஒரு உரையாடல் பாடம் எழுதினார். அதில் வேட்டைக்காரன் தன் வேலையை விவரிக்கிறான்: வலை பின்னித் தக்க இடத்தில் கட்டுவேன், நாய்களை ஏவுவேன், நாய்கள் விரட்டிவர, விலங்குகள் அறியாமல் வந்து வலையில் விழும். லத்தீன் வரிகளுக்கு மேலே எழுதியிருக்கும் பழைய ஆங்கிலத்தில் 'விலங்குகள்' என்ற இடத்தில் நிற்பது 'வில்டேஒர்'. என்னென்ன பிடிப்பாய் என்று ஆசிரியர் கேட்கும்போது அவன் அடுக்கும் பட்டியலில் ஆண்மான், காட்டுப்பன்றி, சிறுமான் வகைகள், சில சமயம் முயல் எல்லாம் வருகின்றன. பன்றியும் முயலும் அன்று டேஒர்.

இன்னொரு இடம் இதைவிட நுட்பமானது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வடக்கு நார்வேயிலிருந்து வந்த ஓட்டெரெ என்ற கடலோடி, ஆல்ஃபிரட் அரசரிடம் தன் சொத்தைப் பற்றிச் சொன்னது பதிவாகியிருக்கிறது. விற்காமல் வைத்திருந்த பழகிய டேஒர் 600 இருந்தன, அவற்றை 'ஹ்ரானஸ்' என்பார்கள், அவற்றில் 6 காட்டு ஹ்ரானஸைக் கவர்ந்து பிடிக்க உதவும் ஈர்ப்பு விலங்குகள் என்கிறது பதிவு. ஹ்ரானஸ் என்பது பனிமான். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் படித்து, 'பழகிய மான் 600' என்று மொழிபெயர்த்தால் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் அந்த விலங்கு உண்மையிலேயே மான் இனம்தான். ஆனால் வாக்கியம் சொல்வது 'பழகிய விலங்கு 600, அந்த விலங்குகளின் பெயர் ஹ்ரானஸ்' என்றுதான். தங்கள் ஊரில் இல்லாத ஒன்றுக்கு முதலில் பொதுப்பெயரையும் பிறகு சிறப்புப்பெயரையும் தருகிறார்கள். இப்படித் தற்செயலாகச் சரியாக விழும் மொழிபெயர்ப்புகள்தான் சொல் வரலாற்றில் மிக ஆபத்தானவை. பொருள் எப்போது மாறியது என்ற கணக்கையே அவை குழப்பிவிடும்.

மாற்றம் தொடங்கும் இடத்தை ஒரே பாட்டில் காணலாம். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் அரசர் வில்லியம் 1087இல் இறந்தபோது, பீட்டர்பரோ மடத்தில் காக்கப்பட்ட ஆண்டுக் குறிப்பில் அவரைப் பற்றி எதுகையோடு கூடிய கசப்பான வரிகள் எழுதப்பட்டன. அவற்றின் கருத்து இது: அவர் பெரிய 'டேஒர்ஃப்ரித்' அமைத்தார், அதற்குச் சட்டங்களும் போட்டார், ஆண்மானையோ பெண்மானையோ கொன்றவன் கண்ணைப் பறிக்க வேண்டும் என்றார், மான்களைத் தொடக்கூடாது என்றார், காட்டுப்பன்றிகளையும் அப்படியே, உயர்ந்த டேஒர்களை அவற்றின் தகப்பன் போல நேசித்தார், முயல்களும் தடையின்றித் திரியட்டும் என்று ஆணையிட்டார்.

'ஃப்ரித்' என்றால் அமைதி, பாதுகாப்பு. டேஒர்ஃப்ரித் என்றால் விலங்குகளுக்கான காப்புக்காடு. அதன் கீழ் மான், பன்றி, முயல் மூன்றும் வருகின்றன. அதுவரை பொருள் பழையதே. ஆனால் 'ஹேஆடேஒர்', அதாவது உயர்ந்த டேஒர் என்று ஒரு கூட்டுச்சொல் அதே பாட்டில் நிற்கிறது. அது பெரிய மான்களைக் குறிப்பது. எந்த விலங்குக்காகக் கண் போகுமோ அந்த விலங்குதான் ஊர்ப் பேச்சில் 'அந்த விலங்கு' ஆகிக்கொண்டிருந்தது. அடைமொழி உதிர்ந்துபோக 'டேஒர்' மட்டும் மிஞ்சியது.

இதற்குப் பின்னால் இருந்த சட்டத்தை அறியாமல் இந்த மாற்றம் புரியாது. நார்மன் அரசர்களின் 'ஃபாரஸ்ட்' என்பது மரம் அடர்ந்த இடம் என்ற பொருளில் அல்ல. தனிச் சட்டத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பு. அதற்குள் ஊர்களும் வயல்களும் இருந்தன. தன் வயலை மேயும் மானைக் கூட உழவன் தொட முடியாது. 1217இல் வந்த காட்டுச் சாசனம்தான், அரசரின் வேட்டை விலங்குக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க மாட்டார்கள் என்று எழுத்தில் தந்தது. அபராதமும் சிறையும் அதன் பிறகும் தொடர்ந்தன. பல தலைமுறைகள் இந்த அச்சத்தில் வாழ்ந்த ஊரில் 'விலங்கு செத்துக் கிடக்கிறது' என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால், எந்த விலங்கு என்று யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேட்டைக்காரர் பக்கமும் ஒரு தேவை இருந்தது. அவர்களிடம் தனிப்பெயர்கள் ஏராளம். 1598இல் காட்டுச் சட்டங்களைத் தொகுத்த ஜான் மேன்வுட், செம்மான் ஆணுக்கு ஆண்டுக்கு ஒரு பெயர் தருகிறார்: முதல் ஆண்டில் 'காஃப்', இரண்டாம் ஆண்டில் 'பிராக்கெட்', மூன்றில் 'ஸ்பேயட்', நான்கில் 'ஸ்டேகர்ட்', ஐந்தில் 'ஸ்டேக்', ஆறில்தான் 'ஹார்ட்'. நார்மன்கள் கொண்டுவந்து பூங்காக்களில் விட்ட புள்ளிமான் வகையான 'ஃபேலோ'வுக்கு வேறொரு வரிசை: 'ஃபான்', 'பிரிக்கெட்', 'சாரல்', 'சோர்', பிறகு 'பக்'. பெண்ணுக்குத் தனிப் பெயர்கள். ஆணையும் பெண்ணையும், குட்டியையும் கிழத்தையும், இரண்டு மூன்று இனங்களையும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்ததுதான் 'டீர்'. ஹார்ட்டும் ஹைண்டும் இன்று பெரும்பாலும் விடுதிப் பெயர்ப்பலகையிலும் பாட்டிலும்தான். நம்மிடம் கலையும் பிணையும் ஒதுங்கி, மான் மட்டும் நிற்பது போல.

பொதுப்பொருளை ஏற்க வேறு சொல் வராமல் இருந்திருந்தால் டீர் இரண்டு பொருளையும் சுமந்துகொண்டே இருந்திருக்கும். பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்' வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து விலங்கு என்ற பொருளை மெல்ல மெல்ல அது எடுத்துக்கொண்டது. பிறகு லத்தீன் 'அனிமல்' வந்து பீஸ்டைத் தள்ளியது. அனிமல் என்பது ஆங்கிலத்தில் எவ்வளவு புதிது என்று பலருக்கும் தெரியாது: 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, எல்லாம் பீஸ்ட்தான். தள்ளப்பட்ட பீஸ்ட் இன்று கொடூரத்தைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

பழைய பொருளின் கடைசி மூச்சு ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் கேட்கிறது. பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிட்ட எட்கர், சுண்டெலியும் எலியும் அதுபோன்ற 'சின்ன டீர்'களும் ஏழு நெடிய ஆண்டாகத் தன் உணவு என்கிறான். மான் எப்படி எலியோடு சேரும் என்று பள்ளிப் பிள்ளைகள் இன்றும் திணறும் வரி இது. ஷேக்ஸ்பியர் அதைத் தானாக ஆக்கவில்லை; பீவிஸ் என்ற வீரனைப் பற்றிய, முந்நூறு ஆண்டு பழைய ஒரு கதைப்பாடலிலிருந்து சற்றே மாற்றி எடுத்தார். அவர் காலத்திலேயே அது பழங்கால வாடை வீசிய சொற்றொடர். எதுகைக்குள் பூட்டப்பட்டதால் பிழைத்தது.

அந்த எதுகையிலேயே பன்மைக் கேள்விக்கும் விடை இருக்கிறது. அங்கே 'டீர்' என்பதோடு எதுகையில் நிற்பது ஆண்டு என்று பொருள்படும் 'இயர்'. ஏழு ஆண்டு என்று வந்தும் 'எஸ்' இல்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே இலக்கண வகுப்பு. அஃறிணை போன்ற நடுப்பாலில் வரும் பெயர்ச்சொற்கள் பன்மையில் உகர விகுதி ஏற்க வேண்டும். கப்பல் 'ஷிப்', கப்பல்கள் 'ஷிப்பு'. ஆனால் சொல்லின் அசை நெடிலாகவோ இரண்டு மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அந்த உகரம் தேய்ந்து காணாமல் போகும். ஆகவே டேஒர் ஒன்றானாலும் டேஒர், நூறானாலும் டேஒர். ஆடு, பன்றி, குதிரை, ஆண்டு, பொருள் என்று பல சொற்கள் இப்படி இருந்தன. பிற்காலத்தில் 'எஸ்' விகுதி எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியபோது குதிரையும் ஆண்டும் பொருளும் அதில் அகப்பட்டன. ஆடான 'ஷீப்', பன்றியான 'ஸ்வைன்', டீர் மூன்றும் தப்பின. மந்தையாகப் பார்த்து எண்ணும் விலங்குகள் என்பதால் தப்பியிருக்கலாம். வேட்டைக்காரர்கள் 'இரண்டு லயன்', 'மூன்று எலிஃபன்ட்' என்று எஸ் இல்லாமல் பேசும் வழக்கம் இந்த மாதிரியைப் பார்த்துப் பின்னால் பரவியது. எனவே 'டீர்ஸ்' என்று எழுதுவது தவறு என்று சொல்லிக்கொடுப்பவர்கள், அது விதிவிலக்கு அல்ல, இன்னொரு விதியின் எச்சம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

இரண்டு கூட்டுச்சொற்களில் பழைய பொருள் உறைந்து கிடக்கிறது. ஒன்று 'வில்டர்னெஸ்'. 'வைல்ட்' என்பதோடு ஒப்பீட்டு விகுதி சேர்ந்தது போலத் தோன்றும், அது பிழை. அதை வைல்ட், டேஒர், னெஸ் என்று பிரிக்க வேண்டும்: காட்டுவிலங்குகள் வாழும் நிலை, அப்படிப்பட்ட இடம். இன்னொன்று 'ரெய்ன்டீர்'. அதன் முதல் பாதி வண்டி இழுக்கும் கடிவாளத்தைக் குறிக்கும் 'ரெய்ன்' என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய நார்ஸ் மொழியின் 'ஹ்ரெய்ன்', ஓட்டெரெ சொன்ன ஹ்ரானஸின் உடன்பிறப்பு. இரண்டாம் பாதி விலங்கு. ஜெர்மானியரும் இதே மாதிரி தடுமாறி, 'ரென்டீர்' என்பதை ஓடுவதைக் குறிக்கும் வினையோடு சேர்த்துக் கொஞ்ச காலம் தவறாக எழுதினார்கள்.

விலங்கு மானாவது ஆங்கிலத்தின் தனிப்பட்ட விந்தை அல்ல, நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. வேத மொழியில் 'மிருகம்' என்றால் காட்டுவிலங்கு; யானையை 'கையுள்ள மிருகம்' என்று ரிக் வேதம் சொல்கிறது. சிங்கம் மிருகேந்திரன் ஆவதும் அந்தப் பொருளில்தான். பிற்காலச் சம்ஸ்கிருதத்தில் அது பெரும்பாலும் மானைக் குறிக்கத் தொடங்கியது. வேட்டைக்கு அங்கே பெயர் 'மிருகயா' என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியில் 'மிருக்' என்றால் இன்று மான். தமிழ் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி விலங்கு என்ற அகன்ற பொருளிலேயே வைத்திருக்கிறது. சுருங்கிய பொருள் மான்தலையைக் குறிக்கும் மிருகசீரிட நட்சத்திரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஜெர்மன் எப்படியோ, இந்த ஒரு சொல்லில் இந்திக்குத் தமிழ் அப்படி. இரண்டு நாட்டிலும் ஒரே காரணம்: அதிகம் வேட்டையாடப்பட்டது எதுவோ அதற்கே பொதுப்பெயர் போய்ச் சேர்ந்தது.

பழைய ஆங்கில நூல் படிப்பவர்கள் டீரோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய சில சொற்கள் உண்டு. 'மீட்' என்பது முன்பு எந்த உணவும். ஜேம்ஸ் மன்னர் பைபிளின் லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று வருவதில் இருப்பது மாவு, எண்ணெய், சாம்பிராணி. இறைச்சி துளியும் இல்லை. தமிழ் வேதாகமம் அதைப் போஜனபலி என்று சரியாகவே சொல்கிறது. நம் 'கறி'யும் இப்படிப் பயணம் போன சொல்தான்: சங்கப் பாடலில் மிளகு, இலங்கையில் மரக்கறி என்றால் காய், தமிழ்நாட்டில் கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. 'வெனிசன்' இன்று மான் இறைச்சி. ஆனால் லத்தீனில் அது வேட்டை, ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஈசாக்கு ஏசாவிடம் கேட்பது வேட்டையாடிக் கொணரும் எதையும். 'ஃபவுல்' இன்று கோழியினம். அன்று எல்லாப் பறவையும். குஞ்சைக் குறித்த 'பேர்ட்' மேலேறி அந்த இடத்தைப் பிடித்தது. 'ஹவுண்ட்' எல்லா நாயுமாக இருந்து வேட்டைநாயாக ஒடுங்க, பிறப்பே தெளிவில்லாத 'டாக்' அங்கே வந்தது.

ஒரு நூலில் டீர் எந்தப் பொருளில் வருகிறது என்று கண்டுபிடிக்க முதலில் காலத்தைப் பாருங்கள். 1100க்கு முன் என்றால் விலங்கு என்றே தொடங்குங்கள்; மான் என்று கொள்ள வேண்டுமானால் அந்த வாக்கியமே அதற்குச் சான்று தர வேண்டும். 1500க்குப் பின் என்றால் மான். 'சின்ன டீர்' என்ற தொடர் மட்டும் விலக்கு. சிக்கல் இடைப்பட்ட நானூறு ஆண்டில்தான். அங்கே பக்கத்துச் சொற்கள் உதவும்: மீன், பறவை என்ற வரிசையில் வந்தால் விலங்கு, பூங்கா, அம்பு, பக், ஹார்ட் அருகில் வந்தால் மான். எழுத்துக்கூட்டலை மட்டும் நம்ப வேண்டாம். அக்காலச் சுவடிகளில் 'டெரெ' என்று எழுதியிருப்பது விலங்காகவும் இருக்கலாம், அன்பான அல்லது விலை கூடிய என்ற பொருள் தரும் 'டியர்' ஆகவும் இருக்கலாம், துன்புறுத்துதல் என்ற, இன்று வழக்கொழிந்த வினையாகவும் இருக்கலாம். முன்னால் எண்ணோ 'த' என்ற சுட்டோ நிற்கிறதா, பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துப் பெயர்ச்சொல்லா வினையா என்று முதலில் பிரித்துக்கொண்டு, அதற்குப் பிறகே அகராதியைத் திறக்க வேண்டும்.